ரிசப்ஷன் கோட்டும் வேண்டாம், ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டும் வேண்டாம்

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 26. பேரணாம்பட்டிலிருந்து தினமும் போய் வருகிறேன். மே மாதம் ஜெர்மனியிலிருந்து எங்கள் ஷூக்களை வாங்கும் பையர் குழு ஒன்று வருகிறது. பகலில் ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டிவிட்டு மீட்டிங், இரவு வேலூரில் ஒரு ஹோட்டலில் விருந்து. எங்களுக்கு வந்த மெயிலில் 'உடை: ஸ்மார்ட் கேஷுவல்' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அண்ணன் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட் சூட்டைப் போட்டுக்கொண்டு போ என்கிறார் மாமா. கேஷுவல் என்றாலே ஜீன்ஸும் டி-ஷர்ட்டும்தான் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். என்னால் 5000 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய முடியாது. இன்னொன்றும் மனதில் இருக்கிறது. நான் வேலையை ஒழுங்காகச் செய்கிறவன். அதை விட்டுவிட்டுச் சட்டையைப் பார்த்து ஆளை எடை போடுவது சரியா? எங்கள் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர், அவர் புடவையில் வரலாமா என்றும் கேட்கச் சொன்னார்.
– வாசகர், பேரணாம்பட்டு

பதில் (மனிதவள ஆலோசகர், வேலூர்):

தம்பி, இந்த விஷயத்தில் மாமா பேச்சையும் கேட்க வேண்டாம், நண்பர்கள் பேச்சையும் கேட்க வேண்டாம். கோட் சூட் பீரோவிலேயே இருக்கட்டும். நம் ஊர் மே மாத வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் பளபளவென்று மின்னும் கோட்டோடு கட்டிங் செக்‌ஷன் வழியாக நடந்தால், பையர் உங்களை முதலாளி வீட்டு மாப்பிள்ளை என்று நினைத்துக் கை குலுக்குவார். ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில் போனால், ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் புறப்பட்டவர் வழி தவறி வந்துவிட்டார் என்று நினைப்பார்.

அப்படியானால் அந்த ஒரு வரி என்னதான் கேட்கிறது? உலகம் முழுக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி இதற்குக் கிடையாது. ஒரு ஹோட்டலில் கருநீல ஜீன்ஸ் போனால் சேர்த்துக்கொள்வார்கள், இன்னொரு இடத்தில் முகம் சுளிப்பார்கள். ஆனால் எங்கே போனாலும் தப்பாகாத ஒரு வடிவம் உண்டு. காலர் வைத்த சட்டை, காட்டன் பேன்ட், மூடிய தோல் ஷூ, பெல்ட். டை வேண்டாம். கோட் உங்கள் விருப்பம். ஆபீஸ் உடையிலிருந்து விறைப்பைக் கழற்றிவிட்டு ஒழுங்கை மட்டும் மிச்சம் வைத்தால் கிடைப்பது இதுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். அமெரிக்க ஆபீஸ்களில் ரொம்ப நாள் கோட், டை இல்லாமல் உட்கார முடியாது. பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் தளர்வாக வரலாம் என்று ஆரம்பித்தார்கள். ஊழியர்களுக்கோ எது வரை தளரலாம் என்று புரியவில்லை. சிலர் அரைக்கால் டவுசரில் வந்தால் மேலாளர் என்ன செய்வார்? அந்தக் குழப்பத்தைப் பார்த்து 1992-ல் லீவைஸ் நிறுவனம் தன்னுடைய டாக்கர்ஸ் பேன்ட்டுகளை முன்னால் வைத்து ஒரு சிறு கையேடு அச்சடித்தது. ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களுக்கு அதை அனுப்பியும் வைத்தது. ஆபீஸுக்கு எதைப் போடலாம் என்று படம் போட்டுக் காட்டிய கையேடு அது. இன்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விதியில் ஒரு பங்கு, பேன்ட் விற்றவர்கள் எழுதிக் கொடுத்தது. ஆகவே ரொம்பப் பயபக்தியோடு அணுக வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நான் சட்டையிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன். காலிலிருந்து ஆரம்பிப்பேன். நெடுநாளாக ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், ஷூ நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இந்தத் தொழிலில் ஊறியவர்களின் கண், கை குலுக்கும்போதே எதிரில் இருப்பவரின் காலுக்குப் போய்விடும். வேண்டுமென்று பார்ப்பதில்லை, பழக்கம். மற்றத் தொழில்காரர்கள் ஷூ சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் பையரோ அது என்ன தோல், ஒட்டியதா தைத்ததா, ஓரம் எப்படி முடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். அவருக்கு முன்னால் நாள் முழுக்க லெதரைப் பற்றிப் பேசப்போகிறவர், ரெக்சின் உரிந்த ஷூவோடு நின்றால் பேச்சு எடுபடாது.

ஷூவில் எது? டெர்பி அல்லது லேஸ் இல்லாத லோஃபர், பழுப்பு நிறத்தில். லேஸ் கட்டும் பகுதி மூடி இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கறுப்பில் நன்றாக இருக்கும், ஆனால் அது கோட் சூட்டுக்குப் போகிற ஷூ. டெர்பியில் லேஸ் பகுதி திறந்து இருப்பதால் கொஞ்சம் தளர்வான தோற்றம் வரும், காட்டன் பேன்ட்டோடு பொருந்தும். இதை நான் உங்களுக்குச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான், நீங்கள் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிற சரக்கு. வெள்ளை ஸ்னீக்கர் இப்போது பல இடங்களில் ஓடுகிறது. சாஃப்ட்வேர் கம்பெனி விருந்து என்றால் சரி என்று சொல்லியிருப்பேன். தோல் ஷூ வாங்க வந்தவர்கள் முன்னால் வேண்டாம்.

ஏற்கெனவே ஒரு தோல் ஷூ வைத்திருந்தால், புதிது வாங்கும் முன் அதை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மேல்பூச்சு வெடித்திருந்தால் பாலிஷ் போட்டும் மறையாது, விட்டுவிடுங்கள். பூச்சு நன்றாக இருந்து குதிகால் மட்டும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், ஷூ ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து ஹீல் மாற்றிக்கொண்டால் போதும். தூசியைத் தட்டி, க்ரீம் தடவி, கொஞ்ச நேரம் ஊற விட்டுப் பிரஷ் போடுங்கள். சோலின் ஓரத்தையும் துடைக்க மறக்க வேண்டாம். மேலே கண்ணாடி மாதிரி மின்னி, ஓரத்தில் வெள்ளையாகச் சேறு காய்ந்திருந்தால் ஷூக்காரர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். புதிது வாங்கினால் ஒரு வாரம் முன்பே வாங்கி வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள். ஃபேக்டரியின் ஒவ்வொரு லைனையும் சுற்றிக் காட்டி முடிப்பதற்குள் புது ஷூ குதிகாலைப் பதம் பார்த்துவிடும். நொண்டிக்கொண்டே விலை பேச முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்துக் கடைகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சியது என்று நல்ல ஷூக்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், நானும் வாங்குவேன். ஆனால் வரப்போகிற பையரின் பிராண்டாகவே அது இருந்துவிடக் கூடாது. "எங்கள் ஷூ இந்த விலைக்கு எப்படி வெளியே போனது?" என்ற கேள்வி விருந்து மேஜையில் எழுந்தால், உங்கள் மேனேஜருக்குச் சாப்பாடு இறங்காது. அவர்களுடைய போட்டி பிராண்டின் பெயர் பெரிதாகத் தெரிகிற ஷூவும் பெல்ட்டும் அதே காரணத்துக்காக வேண்டாம். பெயர் எதுவும் வெளியே தெரியாத சாதாரண ஷூவே நல்லது.

சாக்ஸ் பேன்ட் நிறத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும். உட்காரும்போது பேன்ட் ஏறினால் கால் தோல் தெரியாத நீளம் வேண்டும். கிரிக்கெட் விளையாடும் வெள்ளை சாக்ஸ் கண்டிப்பாகக் கூடாது. பெல்ட் ஷூ நிறத்திலேயே இருந்தால் முடிந்தது.

அப்புறம் சட்டை, பேன்ட். இதில் பணத்தைவிட அளவுதான் முக்கியம். 3000 ரூபாய்ச் சட்டை தோளில் தொங்கினால், 700 ரூபாய்ச் சட்டை பொருந்தி நிற்பது அதைவிட அழகாக இருக்கும். கண்ணாடி முன் நின்று பாருங்கள். சட்டையின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். கையை நோக்கி இறங்கினால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது போலத் தெரியும். காலர் பட்டனைப் போட்டுப் பார்க்கும்போது இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருந்தால் காலர் உட்காராது. முழுக்கை மணிக்கட்டு எலும்பு வரை. அடிப்பகுதி வளைந்து நீளமாக இருக்கும் சட்டை இன் பண்ணிப் போடுவதற்காகத் தைத்தது. அதை வெளியே விட்டால் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தது மாதிரி இருக்கும். பகல் மீட்டிங்குக்கு இன் பண்ணிவிடுங்கள். கழுத்துப் பட்டன் ஒன்று திறந்திருக்கலாம், இரண்டாவது வேண்டாம்.

பேன்ட் நீளத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ரெடிமேட் பேன்ட்டை வாங்கி, கீழே துணி நாலு மடிப்பாகக் குவிந்து கிடக்க, அப்படியே போட்டுக்கொள்கிறார்கள். ஷூவின் மேல் ஒரே ஒரு மெல்லிய மடிப்பு விழுந்தால் போதும். டெய்லர் கடைக்குப் போகும்போது அன்று போடப்போகிற ஷூவையே போட்டுக்கொண்டு போய் அளவு கொடுங்கள். செருப்போடு நின்று கொடுத்த அளவு, ஷூ போட்டால் மாறும். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் ஆல்ட்ரேஷனுக்கு நல்ல கை உள்ள டெய்லர்கள் இருப்பார்கள். ரம்ஜான், தீபாவளி நெருக்கத்தில் மட்டும் போய் அவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நிறத்தை நான் அழகை வைத்துச் சொல்லவில்லை, வியர்வையை வைத்துச் சொல்கிறேன். வெளிர் நீலத்திலும் சாம்பல் நிறத்திலும் வியர்வை பட்ட இடம் உடனே கறுத்துக் காட்டும். வெள்ளையும் கருநீலமும் அதிகம் காட்டிக்கொடுக்காது. பகலுக்கு வெள்ளைச் சட்டை, இரவுக்குக் கருநீலச் சட்டை, இரண்டுக்கும் ஒரே பழுப்பு மஞ்சள் அல்லது ஆலிவ் நிறப் பேன்ட். உள்ளே கை வைத்த பனியன் போடுங்கள், வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் பட்டையாகத் தெரியும், வெளிர் சாம்பல் பனியன் அவ்வளவாகத் தெரியாது. லினன் துணி நம் வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது கசங்கிப் போயிருக்கும். சுத்தக் காட்டன் போதும். பாலியஸ்டர் கலந்தது கசங்காது என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், ஆனால் மத்தியானத்துக்குள் உள்ளே நீங்கள் வெந்துவிடுவீர்கள்.

கட்டம் போட்ட சட்டை உண்டா என்றால், உண்டு, சின்னக் கட்டமாக இருந்தால். பெரிய கட்டம், பல வண்ணம் என்றால் விடுமுறைச் சட்டையாகிவிடும். இதில் ஒரு வேடிக்கை. குடியாத்தம் தறிகளில் லுங்கியாக நெய்யும் அதே மாதிரிக் கட்டங்களை 'மெட்ராஸ்' என்ற பெயரில் அமெரிக்காவில் கோடைக்காலச் சட்டையாகவும் கோட்டாகவும் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் ஊர்த் தோட்டத்து விருந்தில் அது சரி. உங்கள் மீட்டிங்கில் நம் ஆட்கள் எல்லாருக்கும் லுங்கி ஞாபகம்தான் வரும்.

ஜீன்ஸ் பற்றி. பகலில் வேண்டாம். இரவு விருந்துக்கு, வெளுக்காத கருநீலம், கிழிசல் இல்லாதது, அளவாக உள்ளது என்றால் தப்பில்லை. ஆனால் அதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம். காலர் வைத்த போலோ டி-ஷர்ட்டை ஃபேக்டரி சுற்றும்போது போடலாம், மீட்டிங் அறைக்குள் சட்டைதான் நல்லது. உங்கள் மேனேஜர் பிளேசர் போட்டு வந்தால் பதற வேண்டாம், அவர் ஒரு படி மேலே இருப்பதில் குற்றமில்லை. நீங்கள் அவருக்கு மேலே போய் நிற்காமல் இருந்தால் சரி.

யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாசனை. தோல் பதனிடும் டேனரியிலோ ஷூ லைனிலோ நாள் முழுக்க நின்றால் பதனிட்ட தோலின் வாடையும் ஒட்டும் சொல்யூஷன் வாடையும் சட்டையில், தலைமுடியில் ஏறிவிடும். நமக்குப் பழகிப்போனதால் தெரியாது, ஏசி ஹாலில் பக்கத்தில் உட்காருபவருக்குத் தெரியும். நம்மைச் சோறு போட்டு வளர்த்த வாடை அது, கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் விருந்து மேஜைக்கு அது வர வேண்டாம். லைனில் நின்ற சட்டையோடு நேரே விருந்துக்குப் போகாதீர்கள். மாற்றுச் சட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டு, லாக்கரில் தொழிற்சாலை உடைகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். முடிந்தால் ஒரு குளியல், முடியாவிட்டால் முகம், கழுத்து, கை கழுவிவிட்டு மாற்றுங்கள். வாடையை மறைக்க சென்ட்டைக் கொட்டிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. இரண்டும் கலந்தால் மூன்றாவதாக ஒரு வாசனை பிறக்கும், அதை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

அக்காவுக்கு. தாராளமாகப் புடவையில் வரலாம். ஸ்மார்ட் கேஷுவல் என்று எழுதியவர் மனதில் ஆண்களின் பேன்ட் சட்டைதான் இருந்திருக்கும், பெண்களைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார். பகலுக்குக் கஞ்சி போட்ட கைத்தறிக் காட்டன் புடவை, சின்ன பார்டர். இரவுக்கு ஆரணிப் பட்டில் மெல்லியது ஒன்று கட்டினால் அந்த ஹாலிலேயே அவர்தான் நன்றாக உடுத்தியவராக இருப்பார். அகலச் சரிகை வைத்த கல்யாணப் பட்டு வேண்டாம், அது உங்கள் ரிசப்ஷன் கோட்டின் தங்கச்சி. சுடிதார் வசதி என்றால் நேர் வெட்டுக் குர்தியும் பேன்ட்டும் போதும். தலையை மூடும் வழக்கம் உள்ளவர் என்றால் ஒரே நிற ஸ்கார்ஃப் எந்த உடையோடும் ஒத்துப்போகும். ஒன்றே ஒன்று: தையல் மெஷின்கள் ஓடும் இடத்தில் முந்தானையையும் துப்பட்டாவையும் பின் போட்டுக்கொள்ள வேண்டும், கால் விரல் தெரியும் செருப்பு கூடாது. இது தோற்றத்துக்காக இல்லை, பாதுகாப்புக்காக.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வேட்டி பற்றி யாராவது பேச்செடுப்பார்கள். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைக் கிளப்போ வேறு பொது இடமோ உடையைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்று. ஆகவே விருந்துக்கு வேட்டி கட்டினால் உங்களைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. நன்றாகவும் இருக்கும், ஆனால் கட்டிப் பழகியவருக்கு. பஃபேயில் ஒரு கையில் தட்டு, ஒரு கையில் வேட்டி என்று நிற்கிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி உங்கள் பெரிய கேள்வி. வேலையைப் பார்க்காமல் சட்டையைப் பார்ப்பது சரியா? சரியில்லை. ஆனால் நடக்கிறது, பார்ப்பவர் நல்லவராக இருந்தாலும் நடக்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டோடரோவ் என்ற இருவர் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு முகத்தை வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும், இவர் நம்பத்தகுந்தவரா, திறமையானவரா என்று மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. கூடுதல் நேரம் கொடுத்தால் அந்த முடிவு பெரிதாக மாறுவதில்லை, அதன் மேல் நம்பிக்கைதான் கூடுகிறது. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில் அதே டோடரோவும் அவருடைய சகாக்களும் உடையைச் சோதித்தார்கள். ஒரே முகம், மேலே தெரிகிற உடை மட்டும் வேறு வேறு. கொஞ்சம் வசதியாகத் தெரியும் உடையில் இருந்த முகத்தைத்தான் ஆட்கள் அதிகத் திறமைசாலி என்றார்கள். உடையைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னால் பணம் தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் அந்தச் சாய்வு போகவில்லை.

இதை நான் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த ஆய்வை முதலில் படிக்க வேண்டியவர்கள் என்னைப் போல நேர்முகத் தேர்வு நடத்துகிறவர்கள். காட்பாடிப் பக்கம் கேம்பஸ் இன்டர்வியூ காலத்தில் பாருங்கள், இரவல் டையும் தம்பியின் ஷூவுமாக எத்தனை பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் நல்ல சட்டை இல்லாதவனைத் திறமை இல்லாதவன் என்று கழித்துவிட்டால் நஷ்டம் கம்பெனிக்கு. ஆகவே நான் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு எல்லாரிடமும் அதையே கேட்கிறேன். பதிலுக்கு மார்க் போட்ட பிறகுதான் மற்றதை யோசிப்பது. நாளை நீங்கள் சூப்பர்வைசராகி ஆள் எடுக்கும்போது இதைச் செய்து பாருங்கள்.

ஆனால் இப்போது நீங்கள் மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். அந்தப் பக்கம் இருப்பவரின் மனதை ஒரே மாலையில் திருத்த முடியாது. உங்கள் உடையில் அவர் பார்க்கப்போவது இரண்டு விஷயம். ஒன்று பணம், அதை உங்களால் மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. இன்னொன்று கவனம். இஸ்திரி போட்ட சட்டை, வெட்டிய நகம், துடைத்த ஷூ, இவையெல்லாம் இந்தச் சந்திப்புக்காக இவர் நேற்றே நேரம் ஒதுக்கினார் என்று சொல்லும். அது பொய்யான தகவல் இல்லை. சாம்பிளில் ஒரு தையல் தப்பினால் கண்டுபிடிக்கிற ஆள் தன் சட்டையில் பட்டன் தொங்குவதைப் பார்க்கவில்லை என்றால், பையருக்குச் சந்தேகம் வருவதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் பாட்டிகள் சொன்னதில், கந்தையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை பாருங்கள்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. வேலூர்க்காரர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, ஊர் நடுவே கோட்டை நிற்கிறது. 1805 நவம்பரில் ஆங்கிலேயக் கம்பெனியின் மதராஸ் ராணுவத் தளபதி கிரடாக், சிப்பாய்கள் எல்லாரும் ஒரே மாதிரி மிடுக்காகத் தெரிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் வெட்ட வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதில் ஐரோப்பியத் தொப்பி மாதிரி ஒன்று, அதில் தோலால் ஒரு சின்னம். மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற பேச்சு பரவியது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. தொப்பி மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலேயரிடம் தோற்ற திப்பு சுல்தானின் பிள்ளைகளும் அப்போது கோட்டைக்குள் காவலில் இருந்தார்கள், சம்பளக் குறை முதல் எத்தனையோ குமுறல் இருந்தது. ஆனால் பிறகு அந்த உத்தரவை விலக்கிக்கொண்டார்கள், கிரடாக்கையும் கவர்னர் பென்டிங்கையும் லண்டனுக்குத் திருப்பி அழைத்தார்கள்.

அதனால் யாராவது உங்களிடம் வந்து, பையர் வருகிறார், விபூதியை அழித்துவிட்டு வா, தாடியை எடுத்துவிட்டு வா, தொப்பியைக் கழற்று என்று சொன்னால், மரியாதையாக முடியாது என்று சொல்லுங்கள். ஸ்மார்ட் கேஷுவலில் அப்படி ஒரு விதி இல்லை. தாடி இருக்கலாம், கன்னத்திலும் கழுத்திலும் ஓரத்தை ஒழுங்காக வெட்டியிருந்தால் போதும். துவைத்து மடித்த தொப்பி எந்தக் காலர் சட்டைக்கும் பொருந்தும்.

இனி 5000 ரூபாய் கணக்கு. ஷூ புதிதாக வேண்டும் என்றால் அதற்கு 2500 வரை. பேன்ட்டுக்கு 1200, கருநீலச் சட்டைக்கு 900, மிச்சம் 400-ஐ டெய்லருக்கும் ஹீல், பாலிஷுக்கும் வையுங்கள். பகல் போடும் வெள்ளைச் சட்டை உங்களிடம் இருக்கும், காலர் மஞ்சளடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய ஷூ தேறிவிட்டால் மிச்சமாகும் பணத்தில் இன்னொரு சட்டை வாங்காதீர்கள். பேன்ட்டை ஒரு படி நல்லதாக வாங்குங்கள், சட்டையைவிட அதைத்தான் திரும்பத் திரும்பப் போடுவீர்கள். பிளேசர் இந்தப் பணத்துக்குள் வராது. வருகிறதென்றால் அது போடுகிற மாதிரி இருக்காது.

எல்லாம் வந்ததும், முந்தின வாரம் ஒரு மாலை முழு உடையையும் போட்டுக்கொண்டு வீட்டில் அரை மணி நேரம் இருங்கள். உட்காருங்கள், குனிந்து எதையாவது எடுங்கள், கையை நீட்டி ஒரு ஷூ சாம்பிளைக் காட்டுவது போலச் செய்யுங்கள். வயிற்றுப் பட்டன் இழுத்தால், இன் பண்ணிய சட்டை வெளியே வந்தால், அன்றைக்கே தெரிந்துவிடும். விருந்துக்கு பைக்கில் போகிறீர்கள் என்றால் ஹைவே தூசியும் ஹெல்மெட் அமுக்கிய தலையும் கூடவே வரும். பையில் ஒரு சீப்பு, ஒரு துணி, ஷூவைத் துடைக்க இன்னொரு துணி.

கடைசியாக, மெயில் அனுப்பியவரிடமே கேட்டுவிடுவதில் ஒரு வெட்கமும் இல்லை. "சார், விருந்துக்கு ஜாக்கெட் போடுவார்களா, சட்டை போதுமா?" என்று ஒரு வரி போடுங்கள். உங்களைப் போலவே கேட்கத் தயங்கிக்கொண்டு இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள். ஃபேக்டரி முடிந்து விருந்துக்கு முன் உடை மாற்ற இடம் கிடைக்குமா என்றும் அதிலேயே கேளுங்கள். விருந்து ஏசி ஹாலிலா, புல்வெளியிலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புல்வெளி என்றால் அக்காவிடம் ஹீல்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மண்ணில் இறங்கிவிடும்.